ஓர் ஆள் குறைந்தால்

தோற்றுப்போன ஆட்டத்தைப் பற்றி ரசிகர்கள் பேசுவதைக் கேட்பதில் எனக்குத் தனி ருசி உண்டு. ஜெயித்த ஆட்டத்தைப் பற்றிய பேச்சு சீக்கிரம் சலித்துவிடும். எல்லோரும் எல்லாவற்றையும் புகழ்ந்துவிட்டுக் காப்பி சாப்பிடப் போய்விடுவார்கள். தோற்ற பிறகுதான் மனிதர்கள் யோசிக்க ஆரம்பிக்கிறார்கள். எங்கே தவறியது, யார் என்ன செய்திருக்கலாம், அப்படிச் செய்திருந்தால் பிறகு என்ன நடந்திருக்கும் என்று வருஷக்கணக்கில் தர்க்கம் செய்கிறார்கள். இலக்கிய விமரிசனம் என்று நம் பத்திரிகைகளில் வருகிறவற்றில் பாதிக்கு இந்த அளவு சிரத்தை கிடையாது என்று சொன்னால் நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள். கோபித்துக்கொள்ளட்டும்.

இந்தத் தர்க்கங்களிலே மிகவும் உயர்ந்த ரகம் என்று நான் கருதுவது ரக்பி ரசிகர்கள் செய்வது. அதிலும், கோஷ்டியில் ஓர் ஆள் வெளியேற்றப்பட்ட பிறகு மிச்சமிருப்பவர்கள் எப்படி ஆடியிருக்க வேண்டும் என்று அவர்கள் செய்யும் தர்க்கம். இது ஏன் உயர்ந்தது, எந்த இடத்தில் அது வழி தவறுகிறது என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நம் வாசகர்களில் பலருக்கு ரக்பி பரிச்சயம் இல்லாமல் இருக்கலாம். விஷயம் புரிய வேண்டிய மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒரு கோஷ்டிக்குப் பதினைந்து பேர். எட்டுப் பேர் முன்னணியினர், கனத்த உடம்புக்காரர்கள், தள்ளுவதும் பந்தைப் பறிப்பதும் அவர்கள் வேலை. மற்ற ஏழு பேர் பின்னணியினர். ஓடுவதும் உதைப்பதும் அவர்கள் வேலை. பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம். கூட்டாளிக்கு எறிவதானால் பின்பக்கமாகத்தான் எறிய வேண்டும். எதிரியின் எல்லைக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் பதித்தால் அது 'ட்ரை', ஐந்து புள்ளி. அதைத் தொடர்ந்து கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் மேலும் இரண்டு. எதிரியின் தவறுக்காகக் கிடைக்கும் பெனால்டி உதை கம்பங்களுக்கு நடுவே போனால் மூன்று. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே பந்தைத் தரையில் விட்டு, அது எழும்பும் கணத்தில் உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பினாலும் மூன்று. அதற்கு 'டிராப் கோல்' என்று பெயர்.

எதிரியை அபாயமான முறையில் பிடித்தாலோ மோதினாலோ நடுவர் அட்டை காட்டுவார். மஞ்சள் அட்டையானால் பத்து நிமிஷம் வெளியே உட்கார வேண்டும். சிவப்பு அட்டையானால், சமீப காலம் வரையில், ஆட்டம் முடியும் மட்டும் வெளியேதான். அவருக்குப் பதில் வேறொருவரும் வர முடியாது.

நம்முடைய சடுகுடுவில் ஆள் குறைவது ஆட்டத்தின் அன்றாட விவகாரம். ஒருவன் வெளியே போவான். எதிரியில் ஒருவன் அவுட்டானதும் உள்ளே வருவான். மூன்று பேரோ அதற்கும் குறைவாகவோ நின்று, பாடி வருகிறவனை மடக்கிவிட்டால் இன்றைய விதிகள் ஒரு புள்ளி கூடவே தருகின்றன. ரக்பியில் அந்தத் தயவு கிடையாது. போனவன் போனவன்தான். எண்பது நிமிஷ ஆட்டத்தில் பத்தாவது நிமிஷத்தில் ஒருவன் போனால், மற்றவர்கள் எழுபது நிமிஷம் அவனுடைய வேலையையும் சேர்த்துச் செய்தாக வேண்டும்.

விஷயம் புதிதல்ல. 1925 ஜனவரியில் லண்டனையடுத்த ட்விக்கன்ஹாம் மைதானத்தில், இங்கிலாந்துக்கு எதிராக ஆடிய நியூஸிலாந்துக்காரர் ஸிரில் பிரௌன்லி ஆட்டம் தொடங்கிச் சிறிது நேரத்துக்குள் வெளியேற்றப்பட்டார். நாடுகளுக்கிடையே நடந்த ஆட்டங்களில் அப்படி அனுப்பப்பட்ட முதல் மனிதர் அவர். மிச்சமிருந்த பதினான்கு பேரும் 17-11 என்று ஜெயித்துவிட்டார்கள். வெளியே போனவரின் சகோதரர் மாரிஸ் பிரௌன்லி ஒரு ட்ரையும் எடுத்தார். அந்தப் பிரயாணத்தில் ஆடிய 32 ஆட்டங்களிலும் ஜெயித்த கோஷ்டி அது. ஜெயித்துவிட்டதால், பதினான்கு பேரும் எப்படிச் சமாளித்தார்கள் என்ற கேள்வியைவிட, அனுப்பியது நியாயமா என்ற கேள்விதான் சரித்திரத்தில் நின்றது. நான் முதலில் சொன்னதற்கு இது ஒரு சாட்சி.

இனி தர்க்கத்துக்கு வருவோம். முதல் கேள்வி, ஓட்டையை எங்கே வைப்பது என்பது. மைதானத்தின் அகலம் எழுபது மீட்டர் வரையில் இருக்கும். தடுக்கும் கோஷ்டி பெரும்பாலோரைக் குறுக்கே வரிசையாக நிறுத்திவிட்டு, இரண்டு மூன்று பேரைப் பின்னால் விட்டு வைக்கும். எதிரி தலைக்கு மேலே உதைத்தால் பந்தை எடுக்க அந்தப் பின் ஆட்கள் வேண்டும். ஓர் ஆள் குறைந்தால் வரிசையில் இடைவெளி விடலாம். அல்லது பின்னால் இருப்பவரை வரிசைக்கு அழைத்துக்கொண்டு முதுகுப் பக்கத்தைத் திறந்து போடலாம். இரண்டில் ஒன்றைச் செய்தே தீர வேண்டும். ஏழைக் குடும்பத்தில் ஒரு போர்வையை மூன்று பேர் போர்த்திக்கொள்வது போலத்தான். தலையை மூடினால் கால் வெளியே வரும்.

போனவர் முன்னணியினராக இருந்தால் இன்னொரு சங்கடம். 'ஸ்க்ரம்' என்று ஒன்று உண்டு. இரு பக்கமும் எட்டெட்டுப் பேர் தோளோடு தோள் கோத்துத் தள்ளுவது. ஏழு பேரை வைத்துத் தள்ளுவதா, பின்னணியிலிருந்து ஒருவரை இழுத்து அதில் நிறுத்துவதா? 2022 மார்ச்சில் ட்விக்கன்ஹாமில் அயர்லாந்தோடு ஆடியபோது இங்கிலாந்தின் சார்லி யூவெல்ஸ் ஆட்டம் தொடங்கிய 82-ஆவது விநாடியில் சிவப்பு அட்டை வாங்கினார். விநாடிதான், அச்சுப் பிழை அல்ல. இங்கிலாந்து ஓரத்தில் ஓடுகிற ஜாக் நோவெலை ஸ்க்ரம்மில் கொண்டுவந்து நிறுத்தியது. ஓட்டக்காரர் மல்லர்களுக்கு நடுவே தலையைக் கொடுத்துத் தள்ளினார். இங்கிலாந்தின் ஸ்க்ரம் அன்று அயர்லாந்தைத் திணற அடித்தது. பெனால்டி மேல் பெனால்டி கிடைத்தது. ஒரு கட்டத்தில் 15-15 என்று சமமாக நின்றது. பிறகு கால்கள் ஓய்ந்தன. முடிவில் அயர்லாந்துக்கு 32, இங்கிலாந்துக்கு அதே 15.

இதைப் பற்றி ரசிகர்கள் இரு கட்சியாகப் பிரிந்து பேசுவதுண்டு. ஸ்க்ரம்மில் எட்டாவது ஆளை நிறுத்தியதால்தான் ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்தது என்பது ஒரு கட்சி. அதில் செலவழித்த மூச்சுத்தான் கடைசியில் பற்றாமல் போயிற்று என்பது மற்றது. எனக்கு இரண்டும் சரியாகவே படுகிறது. ஆள் குறைந்த கோஷ்டி கடன் வாங்கி நடத்தும் குடித்தனம் மாதிரி. மாதத்தின் முதல் பாதியில் எல்லாம் சுகமாகவே நடக்கும்.

ஸ்க்ரம் பற்றிய தர்க்கத்தில் ஒழுக்கமும் கலந்திருக்கிறது. முன்வரிசையில் நிற்கும் மூவரும் அதற்கென்றே பழகியவர்கள். பழகாதவனை அங்கே நிறுத்தினால் கழுத்துக்கு ஆபத்து. ஆகவே பழகிய ஆட்கள் தீர்ந்துவிட்டால், தள்ளாமல் பேருக்கு ஸ்க்ரம் நடத்துவார்கள். ஆள் குறைந்த கோஷ்டிக்கு இதைவிட வசதி வேறென்ன? முன்வரிசைக்காரர் ஒருவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் போதும். 2011-ல் வேல்ஸ் கோஷ்டியின் பயிற்சியாளர் வாரன் காட்லண்ட், அந்த யோசனை தமக்கு வந்ததென்றும், அது தர்மமல்ல என்று விட்டுவிட்டதாகவும் பிற்பாடு வெளிப்படையாகச் சொன்னார். விதிகளை வகுப்பவர்கள் மனித சுபாவத்தை அவ்வளவு நம்பவில்லை. அத்தகைய நிலைமையில் இன்னும் ஓர் ஆளை இழக்க வேண்டும் என்று விதியை இறுக்கினார்கள். அந்த விதி, பாசாங்கு எதுவும் செய்யாத இத்தாலியின் தலையில் விழுந்தது. 2022 பிப்ரவரியில் டப்ளின் நகரில் ஒரு முன்வரிசைக்காரர் அடிபட்டுப் போனார். அவருக்குப் பதில் வந்தவர் சிவப்பு அட்டை வாங்கினார். இத்தாலி பதின்மூன்று பேராகிவிட்டது. 57-6 என்று தோற்றது. அந்த ஆட்டத்தில் உபாயத்தைப் பற்றித் தர்க்கம் செய்ய எதுவுமில்லை. தர்க்கத்துக்கும் ஓரளவு சொத்து வேண்டும்.

இப்போது, தர்க்கங்களின் ராஜா என்று சொல்லத்தக்க ஆட்டத்துக்கு வருகிறேன். 2011 அக்டோபர், உலகக் கோப்பை அரை இறுதி, ஆக்லந்து நகரின் ஈடன் பார்க் மைதானம். வேல்ஸும் பிரான்ஸும் மோதின. வேல்ஸின் தலைவர் ஸாம் வார்பர்ட்டனுக்கு அப்போது வயது 23. பதினெட்டாவது நிமிஷ வாக்கில், பிரெஞ்சு வீரர் ஒருவரைத் தூக்கித் தலைகீழாகச் சாயும்படி விட்டுவிட்டார். நடுவர் சிவப்பு அட்டையைக் காட்டினார். மிச்சமிருந்த ஒரு மணி நேரமும் வேல்ஸ் பதினான்கு பேராக ஆடியது. ஆட்டத்தின் ஒரே ட்ரையை எடுத்தது வேல்ஸ்தான். மைக் ஃபிலிப்ஸ் எடுத்தார். அதைத் தொடர்ந்த உதை கம்பத்தில் பட்டுத் திரும்பியது. கடைசி நிமிஷங்களில் லீ ஹாஃப்பென்னி பாதி மைதானத்துக்கு அருகிலிருந்து உதைத்த பெனால்டி குறுக்குக் கம்பத்துக்குச் சற்றுக் கீழே இறங்கிவிட்டது. அதன் பிறகு பந்து வேல்ஸின் கையிலேயே இருந்தது. ஒருவர் விழ, மற்றவர் எடுத்து முட்ட, அவர் விழ, இன்னொருவர் எடுக்க, இருபத்தைந்து தடவைக்கு மேல் முட்டினார்கள். ஒரு டிராப் கோல் போதும். உதைக்கவில்லை. பந்து கைமாறியது. பிரான்ஸ் 9, வேல்ஸ் 8.

இந்த ஆட்டத்தைப் பற்றிய பேச்சை மூன்று தட்டாகப் பிரிக்கலாம். மேல் தட்டில் நடுவரைப் பற்றிய பேச்சு. அட்டை சிவப்பா மஞ்சளா என்பது. இது விமரிசனமல்ல, மாமியார் மருமகள் விவகாரம். எந்தக் காலத்திலும் தீராது. அடுத்த தட்டில் அதிர்ஷ்டத்தைப் பற்றிய பேச்சு. கம்பத்தில் பட்டது ஓர் அங்குலம் தள்ளிப் போயிருந்தால், கீழே விழுந்தது ஒரு முழம் மேலே போயிருந்தால் என்பது. இதுவும் விமரிசனமல்ல, பெருமூச்சு. மூன்றாவது தட்டில்தான் சரக்கு இருக்கிறது. கையில் பந்து இருந்த அந்தக் கடைசி நிமிஷங்களில் அவர்கள் என்ன செய்திருக்க வேண்டும்?

உதைத்திருக்க வேண்டும் என்கிறவர்கள் அதிகம். அன்றைக்கு வேல்ஸின் உதைகள் பல தவறின. டிராப் கோல் முயற்சியும் பலிக்கவில்லை. ஆகவே உதையை நம்பாமல் உடம்பை நம்பியது புத்திசாலித்தனம்தான் என்கிறவர்களும் உண்டு. பலமான வாதம்தான் அது. ஆனாலும் நான் முதல் கட்சியைச் சேர்ந்தவன். என் காரணம் அவர்கள் காரணமல்ல. உதைத்திருந்தால் ஜெயித்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. அது யாருக்குத் தெரியும்? போன ஆள் யார் என்று பார்க்க வேண்டும் என்கிறேன். வார்பர்ட்டன் பக்க முன்னணிக்காரர். கீழே விழுந்த கூட்டாளியின் மேல் முதலில் போய் நின்று பந்தைக் காப்பதும், விழுந்த எதிரியிடமிருந்து பந்தைப் பறிப்பதும்தான் அந்த ஸ்தானத்தின் பிரதான வேலை. ஒவ்வொரு முட்டலுக்கும் இரண்டு மூன்று பேர் போய்ப் பந்தைக் காக்க வேண்டும். அவர்கள் எழுந்து வருவதற்குள் அடுத்த முட்டல். இருபத்தைந்து தடவை முட்டினால், இல்லாத ஆளை இருபத்தைந்து தடவை தேடுகிறார்கள் என்று அர்த்தம். உதை ஒருவன் செய்யும் காரியம். அதில் பதினான்குக்கும் பதினைந்துக்கும் வித்தியாசம் மிகவும் குறைவு.

இதைத்தான் இந்தத் தர்க்கங்களிலிருந்து நான் தெரிந்துகொண்ட ஒரே சூத்திரம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆள் குறைந்த கோஷ்டி, போனவன் இருந்திருந்தாலும் அவனுக்கு அதிக வேலை இருந்திராத காரியங்களைத் தேடிச் செய்ய வேண்டும். இது கதை எழுதுகிறவனுக்குத் தெரிந்த விஷயம். தொடர்கதையில் எட்டாவது அத்தியாயத்தில் ஒரு பாத்திரத்தைக் கொன்றுவிட்டால், அந்தப் பாத்திரம் பேசியிருக்க வேண்டிய இடங்களுக்குப் பிறகு போகக் கூடாது. போனால் வாசகன் அந்த ஆளைத் தேடுவான். பாக்கி உள்ளவர்களுக்கு எது இயல்போ அந்த இடத்தில் கதையை நடத்த வேண்டும்.

சூத்திரத்துக்கு அழகான உதாரணம் 2023 செப்டம்பரில் பிரான்ஸின் மார்ஸேல் நகரில் கிடைத்தது. உலகக் கோப்பையில் இங்கிலாந்து அர்ஜென்டினாவோடு மோதியது. மூன்றாவது நிமிஷத்திலேயே டாம் கரிக்கு மஞ்சள் அட்டை. அவர் வெளியே உட்கார்ந்திருக்கும்போதே அது சிவப்பாயிற்று. அவரும் பக்க முன்னணிக்காரரே. இங்கிலாந்து முட்டிக்கொண்டிருக்கவில்லை. ஜார்ஜ் ஃபோர்டு இடைவேளைக்கு முன்பே மூன்று டிராப் கோல்கள் அடித்தார். பிற்பாடு பெனால்டிகளும் சேர்ந்தன. 27-10 என்று இங்கிலாந்து ஜெயித்தது. அந்த 27 புள்ளிகளும் ஃபோர்டு ஒருவர் காலிலிருந்து வந்தவை. இது ரக்பியா, அல்லது வேறு ஏதாவதா என்று முகத்தைச் சுளித்தவர்கள் இங்கிலாந்திலேயே உண்டு. அழகு குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கால் ஒடிந்தவன் கைத்தடியை ஊன்றுவதில் அழகு பார்ப்பதற்கில்லை.

இவ்வளவோடு விட்டிருந்தால் சூத்திரம் வேதவாக்காகியிருக்கும். ஒன்றரை மாதம் கழித்து, அக்டோபர் 28-ஆம் தேதி, பாரிஸில் நடந்த இறுதி ஆட்டம் அதற்குக் குறுக்கே வந்து நின்றது. நியூஸிலாந்தின் தலைவர் ஸாம் கேன் முதல் பாதியிலேயே வெளியேற்றப்பட்டார். ஆடவர் உலகக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் சிவப்பு அட்டை பெற்ற முதல் மனிதர் அவர். இடைவேளையில் தென்னாப்பிரிக்கா 12-6 என்று முன்னால் இருந்தது. இரண்டாம் பாதியில் நியூஸிலாந்து ஒதுங்கி நின்று உதைத்துக்கொண்டிருக்கவில்லை. முழுக் கோஷ்டியாக இருந்தால் எப்படி ஆடுமோ அப்படி, பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அகலமாக ஆடியது. போடன் பாரெட் ட்ரை எடுத்தார். அந்த நாற்பது நிமிஷத்தில் தென்னாப்பிரிக்கா ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. அவர்களிலும் ஒருவர் பின் ஒருவராக இருவர் மஞ்சள் அட்டை வாங்கி வெளியே போனார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் முடிவில் 12-11. கோப்பை தென்னாப்பிரிக்காவுக்கு.

2011 ஆட்டத்தையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் வெளியேறியவர் கோஷ்டியின் தலைவர். இருவரும் ஒரே ஸ்தானத்தில் ஆடுகிறவர்கள். இருவர் பெயரும் ஸாம். இரண்டிலும் ஆட்டத்தின் ஒரே ட்ரையை ஆள் குறைந்த கோஷ்டியே எடுத்தது. இரண்டிலும் அந்த ட்ரையைத் தொடர்ந்த உதை தவறியது. இரண்டிலும் கடைசிப் பத்து நிமிஷத்துக்குள் தூரத்திலிருந்து அடித்த ஒரு பெனால்டி பலிக்கவில்லை. இரண்டிலும் தோல்வி ஒரே ஒரு புள்ளியில். நான் இப்படி இரண்டு கதை எழுதி அனுப்பினால் பத்திரிகாசிரியர் இரண்டாவதைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

ரசிகர்கள் இங்கே குழம்பிப்போனதில் ஆச்சரியமில்லை. ஃபோர்டைப் பார்த்து 'உதைப்பதே வழி' என்றவர்கள், பாரிஸில் உதைகள்தான் தவறின என்பதைக் கண்டார்கள். 'இயல்பை விடாமல் ஆடு' என்றவர்கள், இயல்பை விடாமல் ஆடியும் கோப்பை கிடைக்காததைக் கண்டார்கள். ஆனால் குழப்பம் ஆட்டத்தில் இல்லை. முடிவைப் பார்த்துவிட்டு அதற்கு ஏற்ற காரணத்தைத் தேடும் பழக்கத்தில் இருக்கிறது. என் சூத்திரத்தையும் நியூஸிலாந்து திருத்துகிறது என்றே நினைக்கிறேன். சில கோஷ்டிகளுக்கு, குறையை மறைத்து ஆடுவதே குறையைப் பெரிதாக்கிவிடும். பதினைந்து பேரும் ஓடப் பழகிய கோஷ்டியில் பதினான்கு பேர் ஓடுவதுதான் லேசு. அவர்கள் தோற்றது ஒரு புள்ளியில். அந்த ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு நாற்பது நிமிஷத்தின் துணிவைத் தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதே கேள்வி இன்னும் கூர்மையாக எழுந்த ஆட்டம் ஒன்று உண்டு. ஆடவர் ஆட்டங்களைப் பற்றி இரவெல்லாம் பேசுகிறவர்கள் அதைச் சீக்கிரம் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கோ அதுதான் எல்லாவற்றிலும் உயர்ந்த உதாரணம். 2022 நவம்பர், மகளிர் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். மைதானம் அதே ஈடன் பார்க். இங்கிலாந்துப் பெண்கள் தொடர்ந்து முப்பது ஆட்டங்களில் ஜெயித்துவிட்டு வந்திருந்தார்கள். எதிரில் நியூஸிலாந்து, சொந்த மண்ணில், நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட ஜனங்களின் முன்னால். இங்கிலாந்து 14-0 என்று ஆரம்பித்தது. பதினெட்டாவது நிமிஷத்தில் லிடியா தாம்ஸன், நியூஸிலாந்தின் போர்ஷியா உட்மனோடு தலையில் மோதிச் சிவப்பு அட்டை வாங்கினார். இருவரும் மைதானத்தை விட்டுப் போனார்கள். உட்மனுக்குப் பதில் ஒருத்தி வந்தாள். தாம்ஸனுக்குப் பதில் யாருமில்லை.

தாம்ஸன் ஓரத்து ஓட்டக்காரி. ஓரம் காலியாயிற்று. நியூஸிலாந்து அந்தப் பக்கமெல்லாம் ஓடியது. இங்கிலாந்து என்ன செய்தது தெரியுமா? ஓரமே வேண்டாம் என்று நடுவிலே கூடிக்கொண்டது. 'லைன்-அவுட்' என்பது, வெளியே போன பந்தை இரண்டு வரிசைகளுக்கு நடுவே எறிந்து, தூக்கிவிடப்பட்ட ஒருவர் அதைப் பிடிப்பது. பிடித்ததும் கூட்டாளிகள் எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்டு ஒரே உடம்பாகத் தள்ளிக்கொண்டு போவார்கள். இதை 'மோல்' என்கிறார்கள். திருவிழாக் கூட்டத்தில் தேர் நகர்வது போல அது நகரும். நின்றால் நிற்கும், கிளம்பினால் நிறுத்த முடியாது. இங்கிலாந்து எடுத்த ஐந்து ட்ரைகளில் பெரும்பாலானவை இப்படி வந்தவை. ஏமி கோகேன் ஒருத்தியே மூன்று எடுத்தாள். மோலில் ஓரத்து ஓட்டக்காரிக்கு வேலையே கிடையாது. அந்தக் கூட்டத்துக்குள்ளே இங்கிலாந்து முழுக் கோஷ்டி.

ஆட்டம் முடியும் தறுவாயில் நியூஸிலாந்து 34, இங்கிலாந்து 31. கடைசி நிமிஷத்தில் நியூஸிலாந்துக்காரி ஒருத்தியும் மஞ்சள் அட்டை வாங்கிப் போக, இங்கிலாந்துக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. கம்பத்துக்கு உதைத்தால் மூன்று புள்ளி, சமம், கூடுதல் நேர ஆட்டம். மூலைக்கு உதைத்தால் எல்லைக் கோட்டுக்கு ஐந்து மீட்டரில் லைன்-அவுட், மோல், ட்ரை, கோப்பை. மூலைக்கு உதைத்தார்கள். பந்து எறியப்பட்டது. நியூஸிலாந்தின் ஜோவானா நான்-வூ உயரே எழுந்து அதைக் குலைத்துவிட்டாள். ஆட்டம் முடிந்தது.

சமமாக்கியிருக்கலாமே என்பது அன்றிலிருந்து கேட்கும் குரல். அந்தக் குரலில் ஒரு நியாயமும் இருக்கிறது. எதிரியிலும் ஒருத்தி பத்து நிமிஷத்துக்கு இல்லை. கூடுதல் நேரத்தின் ஆரம்பத்தில் இரு பக்கமும் சமமாகவே இருந்திருக்கும். ஆனால் மஞ்சள் அட்டைக்காரி திரும்பி வருவாள். சிவப்பு அட்டைக்காரி வரவே மாட்டாள். அறுபது நிமிஷத்துக்கு மேல் ஓர் ஆளின் வேலையைப் பகிர்ந்து செய்த கால்கள் அவை. அவற்றை இன்னும் இருபது நிமிஷம் ஓடச் சொல்வது, இல்லாதவளை இன்னும் இருபது நிமிஷம் தேடச் சொல்வதாகும். அவர்கள் தேர்ந்தெடுத்ததோ, அவளுடைய இன்மை ஒரு பொருட்டே இல்லாத இடம். அன்று முழுவதும் பலித்த இடம். எதிரியிலும் ஓர் ஆள் குறைந்திருந்த கணம். அதைவிடச் சரியான முடிவை அந்த நிமிஷத்தில் எடுத்திருக்க முடியாது என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

அப்படியானால் ஏன் தோற்றார்கள்? எதிரில் இருப்பவர்களும் யோசிப்பார்கள் என்பதால்தான். மோல் கிளம்பிவிட்டால் தடுக்க முடியாது என்று நியூஸிலாந்து அன்று பட்டுத் தெரிந்துகொண்டிருந்தது. ஆகவே மோல் பிறப்பதற்கு முன்பே, ஆகாயத்திலேயே போட்டியிட்டது. பந்து கையில் சிக்காமல் போயிருந்தால் வழி முழுவதும் திறந்திருக்கும். அதுவும் ஒரு துணிவுதான். இரண்டு சரியான முடிவுகள் மோதின, ஒன்று ஜெயித்தது. ஒன்று ஜெயித்தால் மற்றது தவறாக இருந்தே தீர வேண்டும் என்று நினைப்பதுதான் ரசிகர்கள் வழி தவறும் இடம்.

நாவல் வாசகர்களும் இந்த இடத்தில் அடிக்கடி வழுக்குகிறார்கள். கடைசி அத்தியாயம் மனசுக்குப் பிடித்துவிட்டால் முன்னூறு பக்கத்தின் சோம்பலையும் மன்னித்துவிடுவார்கள். கதாநாயகி சேர வேண்டியவனோடு சேராவிட்டால் முன்னூறு பக்கத்தின் உழைப்பும் வீண் என்பார்கள். ஆசிரியன் கையில் என்ன இருந்தது, எந்த இடத்தில் எந்த வழிகள் திறந்திருந்தன, ஏன் இந்த வழியில் போனான் என்று கேட்பதுதான் விமரிசனம். முடிவைக் கேட்பது சோதிடம் பலித்ததா என்று கேட்பது.

சமீபத்தில் விதியை மாற்றத் தொடங்கியிருக்கிறார்கள். 2025-ல் ஆறு நாடுகளின் போட்டியில் இருபது நிமிஷச் சிவப்பு அட்டை என்று ஒன்று வந்தது. தவறு செய்தவர் திரும்ப வர முடியாது. ஆனால் வேண்டுமென்று செய்யாத குற்றமாக இருந்தால் இருபது நிமிஷம் கழித்து அவர் இடத்தில் வேறொருவர் வரலாம். ஒருவர் செய்த பிழைக்காக எண்பது நிமிஷ ஆட்டத்தைக் கெடுக்கக் கூடாது என்பது ஒரு வாதம். தண்டனை லேசானால் தலையில் மோதுவது குறையுமா என்பது எதிர்வாதம். மண்டைக்குள் படும் அடி பல வருஷம் கழித்துக்கூட மனிதர்களை வாட்டும் என்பதை ரக்பி உலகம் இப்போது நன்றாக அறிந்திருக்கிறது. ஆகவே எதிர்வாதத்தின் பக்கமே எனக்கு மனம் சாய்கிறது. ஆட்டம் கெட்டால் அடுத்த சனிக்கிழமை வேறோர் ஆட்டம் வரும். மண்டை கெட்டால் வேறு மண்டை வராது.

அந்த இங்கிலாந்துப் பெண்கள் 2025 செப்டம்பரில் ட்விக்கன்ஹாமில் கனடாவை 33-13 என்று ஜெயித்து உலகக் கோப்பையை எடுத்துக்கொண்டார்கள். பழைய தோல்விக்குப் பரிகாரம் கிடைத்துவிட்டது என்று பலர் சந்தோஷப்பட்டார்கள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் 2022-ல் மூலைக்கு உதைத்தது சரி என்பதற்கு இந்தக் கோப்பை சாட்சியாகாது. அதற்கு இந்தச் சாட்சி தேவையும் இல்லை. பந்து குலைந்து தரையில் விழுந்த அந்த வினாடியிலும் அது சரியாகத்தான் இருந்தது.